மூடியைத் திறக்காத ஒரு மணி நேரம்

ஷூவைக் கழட்ட வேண்டாம் தம்பி, கராஜ்தானே, அப்படியே வாங்க. கதவை இறக்கி விட்டுடுறேன், குளிர் வருது. வண்டியை அணைக்கலையா? இருக்கட்டும், இருக்கட்டும். இந்த மினசோட்டாவுல மார்ச் மாசத்துலகூட அணைச்ச வண்டி திரும்பக் கிளம்பும்னு சொல்ல முடியாது. நான்தான் வேல்சாமி. நீங்க போன்ல பேசும்போதே நினைச்சேன், நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கேன்னு. சாத்தூரா? எனக்குக் கோவில்பட்டி. அரை மணி நேரத்து ஊரை விட்டுட்டு, ரெண்டு பேரும் இங்க வந்து பனியில நிக்கிறோம் பாருங்க.

பீர் காய்ச்சுற சாமான் எல்லாம் இந்தா, சுவரோரமா அடுக்கியிருக்கேன். பானை, அம்பது லிட்டர் பிடிக்கும். இது பார்லி உடைக்கிற மில். டிரில்லை மாட்டினா பத்து நிமிஷத்துல அஞ்சு கிலோ உடைச்சிரும். இந்த ஆரஞ்சு ட்ரம், கட்டட வேலை நடக்கிற இடத்துல குடிதண்ணி வைப்பாங்கல்ல, அது. அடியில சல்லடையும் குழாயும் நானே வச்சது. கேஸ் அடுப்பு அந்த மூலையில. எல்லாம் சும்மாதான், எடுத்துட்டுப் போங்க. ஒரே நிபந்தனை, இந்த நோட்டையும் சேத்து எடுத்துக்கிடணும். மூணு வருஷத்து நோட்டு. பானை எந்தக் கடையிலயும் கிடைக்கும், இது கிடைக்காது.

ஏன் குடுக்கிறேன்னு கேக்கீங்க. மாறிட்டேன் தம்பி. முழுத் தானியத்துல இருந்து டப்பாவுல வர்ற எக்ஸ்ட்ராக்டுக்கு மாறிட்டேன். இனி இதெல்லாம் எனக்கு அடைசல்.

சிரிக்கீங்க. வீட்டுல திட்டினாங்களான்னுதானே? அவ திட்டுற ஆளே இல்லை. இப்ப இங்க இல்லை, பாளையங்கோட்டையில இருக்கா. போயி ஒரு மாசம் தாண்டிருச்சு. போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை... சரி, அதை விடுங்க, அது வேற. முதல்ல சாமானைப் பத்திச் சொல்லிடுறேன், புதுசா ஆரம்பிக்கிறவரு நீங்க.

போன் அதிருது பாருங்க உங்களுக்கு. அப்புறம் பேசிக்கிடலாம், இதைக் கவனிங்க.

பீர்ங்கிறது என்ன? முளைகட்டின பார்லி. அதை உடைச்சு, சுடுதண்ணியில ஊறப் போட்டா, மாவு சர்க்கரையா மாறும். அந்த இனிப்புத் தண்ணியை வடிச்சு, ஹாப்ஸ்னு ஒரு கசப்புப் பூவைப் போட்டுக் காய்ச்சி, ஆறவச்சு, ஈஸ்ட் போட்டா முடிஞ்சது. இதுல உசிரு எங்க இருக்குன்னா ஊறல்ல இருக்கு. நம்ம ஊர்ல ஊறல்னாலே போலீஸ் ஞாபகம்தான் வரும். என் வீட்டுக்காரி முதல் நாளே சொன்னா, "ஏங்க, கோவில்பட்டியில இருந்து எஸ்ஐ வந்து ட்ரம்மைக் கவுத்துடப் போறாரு"ன்னு. செண்பகவல்லின்னு பேரு. செண்பான்னு கூப்பிடுவேன்.

ஊறல் நூத்தி அம்பத்தி ரெண்டு டிகிரியில நிக்கணும். பாரன்ஹீட், நாம காய்ச்சல் பாக்கிற கணக்கு. ஒரு மணி நேரம் நிக்கணும். சூடு கூடினா சர்க்கரை வேற மாதிரி ஆயிரும், குறைஞ்சா பீர் தண்ணியா இருக்கும். அதனால நான் ஒரு சட்டம் போட்டேன். அந்த ஒரு மணி நேரமும் மூடியைத் திறக்கப்படாது. விட்டுட்டுப் போகவும் படாது. மூடியில ஓட்டை போட்டு தெர்மாமீட்டரைச் சொருகி வச்சிருக்கேன் பாருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்து நோட்டுல எழுதணும்.

எழுதுறது அவ வேலை. என் கையெல்லாம் தவிடும் ஈரமுமா இருக்கும், நோட்டைத் தொட முடியாது. போனையும் தொட முடியாதுன்னு வச்சுக்கிடுங்க. வாரம் முழுக்க எனக்கு ஒரு கையில போன், மடியில லேப்டாப். சாப்பிடும்போதே ஆபீஸோட இந்தியா டீம்கூடப் பேச்சு ஓடும். சனிக்கிழமை அந்த ஒரு மணி நேரம்தான் சும்மா உக்காந்திருப்பேன். இந்த ரெண்டு மடக்கு நாற்காலி இருக்குல்ல, இதுலதான். கராஜ் வாசல்ல போட்டு, ட்ரம் மேல பழைய கம்பளியைப் போத்தி, ஆளுக்கொரு பக்கம். சின்னப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா உக்காந்திருப்பாங்கல்ல, அந்த மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அவ பேசிட்டே இருப்பா. எதைப் பத்தின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நம்ம கவனம் பூரா தெர்மாமீட்டர் முள்ளு மேலதானே. நடு நடுவுல "ம்" போட்டுருவேன். பொம்பளைங்களுக்கு "ம்" போட்டாப் போதும் தம்பி, நீங்களும் புதுசாக் கல்யாணம் ஆனவரு, தெரிஞ்சுக்கிடுங்க.

நல்ல கூட்டாளிதான் அவ. குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் மருந்துப் பெட்டியில இருந்து ஐயோடின் பாட்டிலை எடுத்துட்டு வந்து, ஊறல்ல ரெண்டு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டுல விட்டு, மேல ஐயோடினை விட்டா. "நீலமா மாறலை, மாவு பூராவும் சர்க்கரை ஆயிருச்சு, வடிக்கலாம்"னா. நான் மூணு மாசமாப் புத்தகத்தைப் படிச்சுக் குழம்பிக்கிட்டு இருந்த விஷயம். என்கூட இருந்து இருந்து அவளும் கத்துக்கிட்டா பாருங்கன்னு எனக்கே பெருமையாப் போச்சு. அவ ஊர்ல காலேஜ்ல எட்டு வருஷம் பயோகெமிஸ்ட்ரி எடுத்தவதான். ஆனா அது வேற, பாடம் வேற, கைத்தொழில் வேற. இங்க வந்து ஒன்பது வருஷமா அவளுக்கு என் வீட்டுக்காரிங்கிற விசாவுல வேலை பாக்க அனுமதி இல்லை. வீட்டுல சும்மா இருக்கிறவளுக்கு இது ஒரு நல்ல பொழுதுபோக்குன்னு நினைச்சேன்.

குடிக்க மாட்டா. ஆனா வடிச்ச உடனே, ஹாப்ஸ் போடுறதுக்கு முன்னாடி, ஒரு டம்ளர் சூடாப் பிடிச்சுக் குடிப்பா. பதநீர் மாதிரி இருக்கும்பா. ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி. மிச்ச சக்கையில வெங்காயம் மிளகாய் போட்டு அடை சுடுவா. இட்லி அரிசி கொஞ்சமாச் சேக்கணும், இல்லைன்னா உதிரும்.

இப்பக் குளிர்காலத்துக்கு வாரேன். போன நவம்பர் பதினாறு, சனிக்கிழமை. வெளிய பூஜ்யத்துக்கும் கீழ. தண்ணிக் குழாய் உறைஞ்சு போச்சு. சிலிண்டர்ல கேஸ் இருக்கு, தீ எரிய மாட்டேங்குது. கம்பளி ரெண்டு போட்டும் முள்ளு நூத்தி நாப்பத்தெட்டுக்கு இறங்கிருச்சு. ஆறு மணி நேர வேலை, ஒன்பது மணி நேரம் ஆச்சு. எனக்கு விரல் விறைச்சு, மறுநாள் சட்டைப் பொத்தான் போட முடியலை, அவதான் போட்டுவிட்டா. அன்னைக்கு முடிவு பண்ணினேன், போதும்டா சாமி, இனி உள்ளதான், எக்ஸ்ட்ராக்ட்தான்னு.

எக்ஸ்ட்ராக்ட்னா, அந்த இனிப்புத் தண்ணியை கம்பெனிக்காரனே வடிச்சு, பாகாச் சுண்டி டப்பாவுல அடைச்சு விக்கிறான். தேன் மாதிரி இருக்கும். நீங்க சுடுதண்ணியில கரைச்சாப் போதும். மில் வேண்டாம், ட்ரம் வேண்டாம், ஊறல் வேண்டாம். ரெண்டு பேர் வேண்டாம். அடுப்படியில நின்னு ரெண்டு மணி நேரத்துல தனி ஆளா முடிச்சிரலாம். நான் அவகிட்ட சொன்னேன், "செண்பா, இனி நீ கஷ்டப்பட வேண்டாம். குளிர்ல வந்து உக்கார வேண்டாம், எழுத வேண்டாம்."

 அவ, "அப்ப அந்த ஒரு மணி நேரம்?"னு கேட்டா. நான் சந்தோஷமாச் சொன்னேன், "அந்த ஒரு மணி நேரமும் மிச்சம், அதுக்கு மேல மூணு மணி நேரமும் மிச்சம்!"னு. அவ நோட்டை மூடி வச்சா. சந்தோஷம்தான்னு எடுத்துக்கிட்டேன்.

மிச்சமான நாலு மணி நேரம் எங்க போச்சுன்னு கேக்காதீங்க. லேப்டாப்புக்குத்தான் போச்சு.

ஆனா உண்மையைச் சொல்லணும், முதல் தடவை சொதப்பிட்டேன். பாகை ஊத்தும்போது பானையை அடுப்புல இருந்து இறக்கணும். இறக்காம ஊத்தினா அது நேரா அடியில போயி உக்காந்து தீஞ்சிரும். தீஞ்சது. அதுக்கு மேல பொங்கி வேற ஊத்திருச்சு. கண்ணாடி அடுப்பு, அது மேல சர்க்கரைப் பாகு, கருகி ஒட்டிக்கிட்டுது. செண்பா பிளேடை வச்சு ரெண்டு நாள் சுரண்டினா. வீடு பூரா ஆவி, ஜன்னல் எல்லாம் வேர்த்து வழியுது, பருப்பு டப்பாவுக்குள்ள எல்லாம் ஹாப்ஸ் வாசம். அவ சாம்பார் வச்சா அதுலயும் கசந்துச்சு. சுவையும் சரியா வரலை பாத்துக்கிடுங்க. குடிச்சு முடிச்ச பிறகு நாக்குல ஒரு பழைய டின் வாசம். அதைத்தான் டிசம்பர் ஜனவரி ரெண்டு மாசமாத் துரத்தினேன். தண்ணியை மாத்தினேன், டப்பாவை மாத்தினேன், பொடியா வாங்கினேன். பொடி ஆவி பட்டதும் கட்டியாப் போயி கரண்டியெல்லாம் பிசுபிசுன்னு. எட்டுத் தடவை போட்டேன். எட்டும் அதே வாசம்.

அவளுக்குப் பதநீர் ஞாபகம் இருக்குமேன்னு ஒருநாள் அந்தப் பாகுல ஒரு ஸ்பூன் நீட்டினேன். "வேண்டாங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

திரும்ப அதிருதா? விடுங்க தம்பி, வீட்டு ஆளுங்க எங்க போயிருவாங்க. இந்த இடத்தைக் கேளுங்க, இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன்னு நினைக்கேன்.

ஈஸ்ட் போட்ட பக்கெட் அறுபத்தெட்டு டிகிரியில இருக்கணும். பேஸ்மென்ட் அம்பத்தஞ்சு. வீட்டுலயே கதகதப்பான இடம் எதுன்னு தெர்மாமீட்டரோட சுத்தினேன். படுக்கையறை அலமாரி. ஹீட்டர் குழாய் அதுக்குப் பின்னாடிதான் போகுது. ஆனா அதுலதான் செண்பா சாமி வச்சிருந்தா. செண்பகவல்லி அம்மன் படம், கழுகுமலை முருகன், ஒரு சின்ன வெங்கலப் பிள்ளையார். நான் கீழ்த்தட்டுல பக்கெட்டை வச்சேன். மேல சாமி, கீழ பக்கெட். மூடியில இருக்கிற குழாய் வழியாக் காத்து வெளிய வரும், குளுக் குளுக்குன்னு. அவ காலையில விளக்கு ஏத்தும்போது அது பாட்டுக்கு ஏப்பம் விட்டுக்கிட்டு இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தேன், மேல்தட்டு காலி. ஹாலுக்கு மாத்திட்டா போலன்னு நினைச்சேன். அந்த இடத்துலயும் ஒரு பக்கெட் வச்சேன், வசதியா இருந்துச்சு.

ஹாலுக்கு மாத்தலை தம்பி. பெட்டியில, சேலைக்கு நடுவுல வச்சிருக்கா. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஏர்போர்ட்ல பெட்டி எடை கூடிருச்சுன்னு திறந்தப்பத்தான் பிள்ளையாரைப் பாத்தேன்.

ஆமா, நான்தான் கொண்டுபோயி விட்டேன். ஒரு வாரத்துக்கு முன்னாடிதான் சொன்னா. "காலேஜ்ல திரும்ப வேலை குடுத்துட்டாங்க, பதினேழாம் தேதி சேரணும், டிக்கெட் போட்டாச்சு." அவ்வளவுதான். நான் அப்ப பாட்டில்ல அடைச்சுக்கிட்டு இருந்தேன், கையில குழாய், விட்டா தரையெல்லாம் போயிரும். "எத்தனை நாளைக்கு?"ன்னு கேட்டேன். "நாள் கணக்கு இல்லை"ன்னா. சரி, கோவம், கொஞ்ச நாள்ல வந்துருவான்னு நினைச்சேன். அடுப்புக் கோவமா, வாசனைக் கோவமா, சாமிக் கோவமான்னு நானே ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தேன். அடுப்பைப் புதுசு மாத்தினேன். பக்கெட்டை அலமாரியில இருந்து எடுத்துட்டேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். பாத்துட்டா, பதில் இல்லை.

போன ஞாயித்துக்கிழமை கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம் பேசினா. அங்கயே பெருமாள்புரத்துல மாடி வீடு பாத்துருக்கா. காலேஜ் பிள்ளைங்க லேப்ல நல்லாப் பண்ணுதாங்களாம். அப்புறம் சொன்னா, "இனிமே வாராவாரம் கூப்பிட வேண்டாங்க. எனக்குப் பேசுறதுக்கு ஒண்ணும் இல்லை." கோவமாச் சொன்னா பரவாயில்லை தம்பி. கடையில பாக்கெட்டை வாங்கிக்கிட்டு பை வேண்டாம்னு சொல்லுவோம்ல, அப்படிச் சொன்னா.

எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. எங்க கம்பெனிக்கு மதுரையிலயும் ஆபீஸ் இருக்கு. கேட்டா மாத்திக் குடுப்பான். ரெண்டு மணி நேரத்துல பாளையங்கோட்டை. "வாங்க, ரெண்டு பேரும் போயிரலாம்"னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் அன்னைக்கே மேனேஜர்கிட்ட போயி நின்னிருப்பேன். எனக்கு இங்க என்ன இருக்கு, பனி அள்ளுறதைத் தவிர? இப்பக் கேட்டா அவ ஒத்துக்கிட மாட்டா, "நீங்க அங்கயே இருங்க"ன்னுட்டா. ஆனா அப்பக் கூப்பிட்டிருக்கலாம்ல? பதினாறு வருஷம் கூட இருந்த மனுசன்கிட்ட சொல்லாம கொள்ளாம ஒரு முடிவு எடுக்கலாமா? நெஞ்சு எரியுது தம்பி. ராத்திரி பகல்னு இல்லை, எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

நோட்டைப் புரட்டுறீங்களா, புரட்டுங்க. அவ கையெழுத்து அழகா இருக்கும். முதல் கட்டம் நேரம், ரெண்டாவது சூடு, மூணாவது குறிப்பு. நான் ஞாயித்துக்கிழமை உக்காந்து எண்ணை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்திருவேன், அருமையா வரைபடம் வரும். குறிப்புக் கட்டத்துல அவ தமிழ்ல ஏதாவது எழுதுவா, காத்தடிக்குது, மேகமா இருக்குன்னு. அது வரைபடத்துக்கு ஆகாது. நான் பாக்கிறதில்லை.

என்ன, முகம் ஒரு மாதிரியாப் போகுது? எந்தப் பக்கம்? குடுங்க. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிடுறேன்.

செப்டம்பர் பதினாலு. பத்து நிமிஷம், நூத்தி அம்பத்தி ரெண்டு. இருபது நிமிஷம், அம்பத்தி ரெண்டு. குறிப்பு... "காலேஜ்ல இருந்து லெட்டர் வந்திருக்குன்னு சொன்னேன். ம் என்றார்."

லெட்டரா.

செப்டம்பர் இருபத்தெட்டு. "மறுபடியும் சொன்னேன். கம்பளியைச் சரியா மூடுன்னார்."

அக்டோபர் பன்னிரண்டு. முப்பது நிமிஷம், அம்பத்தி ஒண்ணு. "மதுரை ஆபீஸ்ல மாத்தல் கேளுங்க, ரெண்டு பேரும் போயிரலாம்னு கேட்டேன். ம் என்றார். சரின்னு அர்த்தமா தெரியலை."

இது... இது அவ எழுத்துதான். அம்பத்தி ஒண்ணுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி. அன்னைக்கு ஒரு டிகிரி ஏன் இறங்குச்சுன்னு ஞாயித்துக்கிழமை பூரா மண்டையை உடைச்சேன். அந்த எண்ணுக்கு நேரா, ஒரு விரக்கடை தள்ளி இருக்கு இது.

இருங்க, பிடுங்காதீங்க, நானே படிக்கேன். நவம்பர் பதினாறு. அறுபது நிமிஷம், நூத்தி நாப்பத்தெட்டு. "டிசம்பர் இருபதுக்குள்ள காலேஜுக்குப் பதில் சொல்லணும். இன்னைக்கு விறைச்சுப் போயிருக்கார், பாவம். அடுத்த தடவை ஊறல் போடும்போது போனைத் தொட மாட்டாரே, அப்ப உக்கார வச்சுக் கேட்கணும்."

அடுத்த பக்கம் திருப்புங்க.

ஒண்ணும் இல்லையா? இருக்காது. அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்லையே. நான்தான் எக்ஸ்ட்ராக்டுக்கு மாறிட்டேனே.

வேண்டாம், தண்ணி எல்லாம் வேண்டாம். இந்த நாற்காலியில உக்காந்துக்கிடுறேன். அவ அந்தப் பக்கத்து நாற்காலியில உக்காருவா. நீங்க உக்காராதீங்க தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க.

இப்பக் கூப்பிட்டு, படிச்சுட்டேன் செண்பான்னு சொல்லலாமா? என்ன சொல்லுவா? "ம்"னு சொல்லுவா. அதுக்கு மேல சொல்ல அவளுக்கு என்ன இருக்கு. கூப்பிட வேண்டாம்னுட்டா. வேண்டாம்.

சாமானைப் பூராவும் ஏத்துங்க. மில், ட்ரம், பானை, அடுப்பு, ஒண்ணையும் விடாதீங்க. நோட்டு தர மாட்டேன். நிபந்தனையை மாத்திட்டேன்னு வச்சுக்கிடுங்க.

இந்தா, உங்க போன் மறுபடியும் அதிருது. மூணாவது தடவை. யாரு? வண்டியில உக்காந்திருக்காங்களா, உங்க வீட்டுல? அடப்பாவி மனுசா, இவ்வளவு நேரமுமா? என்கிட்ட சொல்ல வேண்டாமா, உள்ள கூட்டிட்டு வந்திருக்க வேண்டாமா? நான்தான் விடுங்க விடுங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், நீங்களும் கேட்டுக்கிட்டு நின்னீங்களே.

என்னைப் பாக்காதீங்க. போன்ல வேண்டாம், நேரா வண்டிக்குப் போங்க. என்ன சொல்றாங்கன்னு முழுசாக் கேட்டுட்டு வாங்க. சாமான் எங்கயும் போகாது. நில்லுங்க, கதவைத் தூக்கி விடுறேன்.